பதிமூணுக்கும் பதினாலுக்கும் நடுவில்

அந்த நட்டுக்கு 13 ஸ்பேனர் ஏறவே இல்லை. 14 போட்டால் லொடலொடவென்று ஆடியது. சரி, அழுத்திப் பிடித்துத் திருகிப் பார்ப்போம் என்று திருகியதில் வழுக்கி, முழங்கை சிலிண்டரில் இடித்ததுதான் மிச்சம். நட்டின் மூலைகள் ஏற்கெனவே மழுங்கியிருந்தன. எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவானும் இதே 14-ஐப் போட்டு மல்லுக்கட்டியிருக்கிறார்.

வண்டி எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, வாங்கிய 350 சிசி புல்லட். ஆர்.சி. புத்தகத்தில் 1967 என்று இருக்கிறது, கோயமுத்தூர் முத்திரையோடு. எங்கள் கோபியெல்லாம் அப்போது அந்த ஜில்லாதான். ஈரோடு பிரிந்தது 1979-ல். அப்பாரு போன பிறகு இருபது வருஷம் தோட்டத்துச் சாளையில், தேங்காய் மட்டைக்கு நடுவில் கிடந்தது. போன தைக்கு வெளியே இழுத்தேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு மரை கழண்டவன் என்று பேர்.

நான் மருந்துக்கடைக்காரன். டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவனுக்கு ஒரு மேனுவலைப் படிப்பதா கஷ்டம் என்று நினைத்தேன். கைக்குக் கிடைத்தது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த பிரதி. பிளக்குக்குப் பொறி தர வைக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.015 அங்குலம் என்ற இடத்தில் தசமப் புள்ளி இருந்ததா, கொசு உட்கார்ந்ததா என்றே தெரியவில்லை. ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று என் தொழிலில் இருப்பவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைப் போல இன்னும் இரண்டு பிரதி தேடிப் பிடித்து ஒப்பிட்ட பிறகுதான் நம்பினேன்.

ஆனால் நட்டு விஷயம் எந்தப் பிரதியிலும் இல்லை. எழுதியவர்களுக்கு அது சொல்ல வேண்டிய சங்கதியாகவே பட்டிருக்காது.

கடைசியில், கூடப் படித்தவன் ஒருத்தன் சிங்காநல்லூரில் லேத் வைத்திருக்கிறான், அவனிடம் கிராங்க்கேஸ் என்கிற இன்ஜின் கூட்டில் இருந்து கழற்றிய போல்ட்டுகளைப் பையில் போட்டுக் கொண்டுபோனேன். சீப்பு மாதிரி பல் வெட்டிய தகடுகளை ஒவ்வொன்றாக மரையில் வைத்துப் பார்த்தவன், "இது மில்லிமீட்டரே இல்லடா" என்றான். 5/16 அங்குல பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் நெருக்க மரை) போல்ட்டு, அங்குலத்துக்கு 22 மரை. வண்டி சென்னையில் செய்தது என்றாலும், டிசைன் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் போட்டது. மரையும் அங்கிருந்தே வந்துவிட்டது. 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லிமீட்டர். அதனால் நம்ம ஊர் 8 எம்.எம். போல்ட்டை வைத்தால் முதல் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும். அதில் அங்குலத்துக்கு 20 சொச்சம் மரைதான். மூன்றாவது சுற்றில் இறுகும். துரு என்று நினைத்துப் பலம் போட்டால் அலுமினியத்தில் இருக்கிற மரை போச்சு. என் வண்டியில் இரண்டு துளை அப்படித்தான் போயிருந்தது. புஷ் போட்டுப் புதிதாக மரை வெட்டிக் கொடுத்தான், டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

"இதுக்கு ஸ்பேனர் 1/4 டபிள்யூ-னு போட்டிருக்கும், தேடிப் பாரு" என்றான். கேட்டதும் திக்கென்றது. அப்பாரு கிணற்று ஆயில் இன்ஜினுக்கு வைத்திருந்த தகரப் பெட்டியில் அதே எழுத்து போட்ட ஸ்பேனர் ஒன்று இருந்தது. கால் அங்குலம் எங்கே, இந்த நட்டு எங்கே என்று முதல் நாளே பழைய இரும்பில் தூக்கிப் போட்டிருந்தேன். டபிள்யூ என்றால் விட்வொர்த், அதுவும் பழைய பிரிட்டிஷ் மரைதான். அந்தக் கணக்கில் ஸ்பேனர் மேல் இருக்கும் எண் விட்வொர்த் போல்ட்டின் தடிமன், வாயின் அகலம் இல்லை. கால் அங்குல விட்வொர்த்துக்கும் 5/16 பி.எஸ்.எஃப்.-க்கும் தலை ஒரே அளவு. வாய் 13.3 மில்லிமீட்டர். நல்லவேளை, இரும்புக்காரர் அந்த மாசம் வரவில்லை.

அடுத்தது டேப்பெட், அதாவது வால்வைத் தள்ளும் புஷ்ராடு என்ற கம்பிக்கு விடும் இடைவெளி. எத்தனை தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட வேண்டும் என்று ஒரு வாரம் தேடினேன், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ்கூடப் புதிதாக வாங்கினேன். ஒரு பிரதியில் "இல்லை" என்று போட்டிருந்தது. அச்சுப்பிழை என்று முடிவு கட்டினேன். சத்தி ரோட்டில், வேலையை எல்லாம் மகனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பழைய மெக்கானிக் ஒருவரைக் கடைசியாகப் பிடித்தேன்.

"ஏனுங் தாத்தா, டேப்பெட்டுக்கு எவ்வளவு விடணும்?"

"ஒண்ணும் வேண்டாங் கண்ணு. இன்ஜின் ஆறியிருக்கோணும். பிஸ்டன் கம்ப்ரெஷன்ல மேல நிக்கோணும். புஷ்ராடை வெரல்ல உருட்டுனா உருளோணும், மேல கீழ ஆடப்படாது. அவ்வளவுதான்."

மூடியைத் திறந்து என் விரலைப் பிடித்து ராடின் மேல் வைத்தார். அட்ஜஸ்டரைக் கால் சுற்று திருகி, "இப்ப?" என்றார். நின்றுவிட்டது. கொஞ்சம் இளக்கினார். உருண்டது. "ஆட்டிப் பாரு." ஆடவில்லை. மூன்று தடவை என்னையே கலைத்துத் திரும்ப வைக்கச் சொன்னார், மூன்றாவதற்குத்தான் தலையாட்டினார்.

வண்டி இன்னும் கிளம்பவில்லை. கார்பரேட்டரில் பெட்ரோல் ஒழுகுகிறது. ஆனால் கிக்கரை மிதித்தால் இப்போது காலைத் திருப்பி உதைக்கிறது. அம்மா திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "உங்க அப்பாருக்கும் இப்படித்தான் உதைக்கும்" என்றார்.