வழவழத்த பந்து

மும்பை மாட்டுங்காவில் மகனுடைய கூடைப்பந்து தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ஆனாலும் மாலை ஐந்தானால் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

நேற்று இரவு கிழக்கு ஆசிய சூப்பர் லீக் என்ற கூடைப்பந்துப் போட்டி பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 2023-24இல் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை தொடங்கியபோது 8 அணிகள். ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ், தைவான் லீக்குகளில் முன்னணியில் வந்தவை அவை. கோப்பை ஜப்பானின் சிபா ஜெட்ஸுக்கு. மறுபருவமே ஹாங்காங், மக்காவ் அணிகளும் சேர்ந்து 10 ஆயின; ஜப்பானின் ஹிரோஷிமா அணி வென்றது. அந்தந்த ஊரின் உள்நாட்டு லீக் வலுவாக இருந்ததால்தான் இந்த வளர்ச்சி என்று உறுதியாக நம்புகிறேன்.

"நம் நாட்டு அணி எப்போது அதில் ஆடும் அப்பா?" என்றான். இதே மும்பையின் நாக்பாடாவில் தலைமுறைகளாக ஆடுகிறார்களே, திறமைக்கா பஞ்சம்! ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போகிறேன். புதுப் பந்தும் வாங்க வேண்டும்.