ராஜா இல்லாத கோட்டையும் முள்ளு கத்தரிக்காயும்

அம்மா செக்கப்புக்காக வருஷத்துக்கு ரெண்டு தடவை வேலூர் போறோம், ஏழெட்டு வருஷமா. ஒரு தடவை கூட கோட்டைக்குள்ள கால் வச்சதில்ல. காட்பாடில ரயில விட்டு இறங்கினா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிய விட்டா காட்பாடி, அவ்ளோதான் நமக்கு வேலூர். இந்த தடவை காலைல ஒம்பதுக்கே ரத்தம் எடுத்துட்டு ரிப்போர்ட் சாயங்காலம் நாலு மணிக்குன்னுட்டாங்க. அதுக்காக ஒரு ரூம் போடணுமான்னு நான் யோசிக்கும்போதே அம்மா "வாடா, கோட்டைக்குள்ள சாமியாச்சும் கும்பிட்டு வருவோம்"னு செருப்ப மாட்டிட்டாங்க.

வேலூரப் பத்தி ஒரு பழைய நக்கல் உண்டு. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. (இன்னும் ரெண்டு மூணு இருக்கு, அதெல்லாம் இங்க எழுதினா அடி விழும்.) இதுல சாமி இல்லாத கோயில்ங்கறது இப்ப பொய். ஜலகண்டேஸ்வரர் கோயில்ல நூறு நூறு வருஷமா பூஜையே இல்லாம கிடந்து, சத்துவாச்சாரில வச்சிருந்த லிங்கத்த 1981ல தான் திரும்ப கொண்டு வந்து வச்சாங்க. அம்மா நேரா சன்னதிக்கு போயிட்டாங்க, நான் கல்யாண மண்டபத்துலயே மாட்டிக்கிட்டேன். யாளியும் குதிரைவீரனும் தூணுக்கு தூண் பாயுது, அதெல்லாம் மத்த ஊர்லயும் பாத்திருக்கேன், ஆனா அண்ணாந்து பாத்தா கூரை நடுவுல ஒரு பூ, அத சுத்தி கிளிங்க தலைகீழா தொங்குது. கல்லுல செஞ்ச கிளி. கழுத்து வலிக்கிற வரைக்கும் பாத்தேன். இந்த மண்டபத்தையா ஆயுதக் கிடங்கா வச்சிருந்தாங்கன்னு நெனச்சா வயிறு எரியுது.

ஆனா அந்த ராஜா இல்லாத கோட்டைங்கறதுதான் எனக்கு உதைக்குது. 16ஆம் நூற்றாண்டுல விஜயநகர காலத்துல கட்டின கோட்டை இது, சுத்தி அகழி, அதுல இன்னும் தண்ணி நிக்குது. ராஜாக்கள் இல்லாமயா இருந்தாங்க? இருந்தாங்க, கைதியா. 1799ல திப்பு சுல்தான் செத்த பிறகு அவர் பசங்களையும் குடும்பத்தையும் இங்கதான் கொண்டு வந்து வச்சான் வெள்ளக்காரன். 1815ல இலங்கைல கண்டிய புடிச்சதும் அங்க கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் இங்க அனுப்பிட்டான், அவர் 1832ல இந்த ஊர்லயே கண்ண மூடிட்டார், பாலாத்தங்கரைல சமாதி இருக்கு. இடைல 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி வெள்ளக்காரன் படைல இருந்த நம்ம சிப்பாய்ங்களே அவன் பாரக்ஸுக்குள்ள புகுந்து சுட்டாங்க. நெத்தில விபூதி நாமம் கூடாது, தாடி கூடாது, புது மாதிரி தொப்பி போடுன்னு உத்தரவு போட்டிருந்தான், தொப்பில தோல் வேற. திப்பு கொடி கூட ஏறிச்சு. ஆனா ஆற்காட்டுலேர்ந்து கில்லெஸ்பிங்கற வெள்ளக்கார அதிகாரி குதிரப்படையோட வந்து அன்னிக்கு காலைலயே அடக்கிட்டான், நூத்துக்கணக்குல சிப்பாய்ங்க செத்தாங்க. 1857 சிப்பாய் கலகத்துக்கு அம்பது வருஷம் முன்னாடி நடந்தது இது. நான் படிச்ச புத்தகத்துல மொத்தமே ஒரு பத்தி!

இதெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். "பாவம்டா, பசிக்குது"ன்னாங்க.

ஆஸ்பத்திரி பக்கம் போனா எல்லா போர்டும் பெங்காலில இருக்கும், கல்கத்தாலேர்ந்து வைத்தியத்துக்கு வர்றவங்களுக்காக மீன் குழம்பு சோறு போடுற மெஸ் வரிசையா இருக்கும், நல்லாவே இருக்கும், ஆனா அம்மாவுக்கு கடுகெண்ணெ வாசன ஆகாது. ஒரு பிரியாணி கடைல உக்காந்தோம். சீரக சம்பா, தொட்டுக்க புளிப்பா கத்தரிக்கா. அம்மா பிரியாணிய விட்டுட்டு கத்தரிக்காய ரெண்டாவது தடவ வாங்கி, வழிச்சு நக்கி, "இது நம்மூர் கத்தரிக்கா இல்ல"ன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க.

அப்புறம் என்ன, நேதாஜி மார்க்கெட். சந்துல ஒரு பக்கம் பூ மூட்ட, ஒரு பக்கம் வாழத்தார், நடுவுல தலைல மூட்டையோட "வழி வழி வழி"ன்னு ஓடுற ஆளு, கீழ முட்டக்கோஸ் இல சகதி, அம்மா அதுல நம்ம வீட்டு ஹால்ல நடக்குற மாதிரி நடக்குறாங்க. முள்ளு கத்தரிக்கா ஒரு பாட்டிகிட்ட கிடைச்சுது. புவிசார் குறியீடு வாங்கின காய், இலவம்பாடி பக்கம் விளையுறது. நான் பெருமையா காம்ப புடிச்சு தூக்கினேன், சுருக்குன்னு விரல்ல ஏறிடுச்சு. காம்புல, தொப்பில எல்லாம் நெசமாவே முள்ளு. பாட்டி சிரிச்சிட்டு "காய புடி சாமி, காம்ப ஏன் புடிக்குற"ன்னாங்க. கிலோ அறுபது சொன்னாங்க, அம்மா அம்பதுக்கு கேட்டு, பாட்டி முறைச்சு, கடைசில அறுபதே குடுத்து ஒரு கொத்து கறிவேப்பில வாங்கிட்டு வந்தது வெற்றியாம்.

ரிப்போர்ட் நார்மல். ரயில்ல வரும்போது அக்கா போன் பண்ணி டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டா. அம்மா கத்தரிக்கா விலைலேர்ந்து ஆரம்பிச்சாங்க, அரக்கோணம் தாண்டியும் டாக்டர் வரவே இல்ல.