கரிக் குண்டானும் மச்சான் காரும்

எண்ணூரில் சித்தி வீட்டு மொட்டைமாடியில் கோழிக்குப் புகை போட்டு முடித்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்மோக்கரை, அதாவது கரிப் புகையிலேயே கறியை வேக வைக்கும் அடுப்பை, மச்சான் கார் டிக்கியில் ஏற்றினேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கரிக் குண்டான். இட்லிப் பானை மாதிரிதான், கீழே கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே கம்பி வலை, அதன் மேல் மூடி. தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, சாம்பலையும் கொட்டியாயிற்று, இனி என்ன என்று கிளம்பிவிட்டோம். எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிக்காக மச்சான் ஒரே ஒரு பிரேக் போட்டான், பின்னால் டொம்மென்று சத்தம். தண்டையார்பேட்டை வந்து டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி குழியில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு குளம்.

தண்ணீர்த் தட்டை மறந்திருக்கிறேன். நாலு மணி நேரம் கோழியிலிருந்து சொட்டிய கொழுப்பு, மசாலா, புகை எல்லாம் கலந்த தண்ணீர் அது. கார்பெட்டைக் கழற்றி, கடலை மாவைத் தூவி ஊற வைத்து, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் மாடியில் காய வைத்தேன். அப்படியும் வெயிலில் நிறுத்திய காரைத் திறந்தால் கிரில் சிக்கன் கடை வாசல்தான். மச்சான் பதினைந்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எல்லோரும் சாம்பலுக்குத்தான் பயப்படுகிறார்கள். சாம்பல் தட்டினால் போய்விடும், கொழுப்பு போகாது. அதிலும் மாட்டிறைச்சி என்றால் பிரச்சினை குறைவு, ஆறினதும் மேலே வெள்ளையாகக் கட்டி நிற்கும், தோசைத் திருப்பியால் வழித்து எடுத்துவிடலாம். கோழிக் கொழுப்பு நம்ம ஊர்ச் சூட்டில் எண்ணெயாகவே ஆடிக்கொண்டிருக்கும். அதனால் இப்போதெல்லாம் தட்டில் முதலில் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல்தான் தண்ணீர். முடிந்ததும் கொழுப்பைத் தனி டப்பாவில் ஊற்றி இறுக்கி மூடிவிடுவேன். சாக்கடையில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொண்டால் தெருவே உங்களைத் திட்டும்.

அப்புறம், அன்றைக்கு ராத்திரியே எடுத்து வந்ததுதான் பெரிய தப்பு. சாம்பலுக்குள் புதைந்த கங்கு மறுநாள் வரைக்கும் கூட உயிரோடு இருக்கும், வெளியே தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஒரு துண்டு கனன்றாலும் மூடின காருக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நாங்களோ கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி வந்தோம். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. சமையல் முடிந்ததும் காற்று போகும் ஓட்டையை எல்லாம் அடைத்துவிட்டு, சித்தி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து மறுநாள் சாயங்காலம் போய் எடுப்பதுதான் இப்போதைய வழக்கம். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றி அணைத்தால் சூடான தகடு கோணிக்கொள்ளும், ஈரச் சாம்பல் ஒட்டிக்கொண்டு தகட்டை அரித்துவிடும்.

ஆறின சாம்பல் மூடி போட்ட பழைய எண்ணெய் டின்னுக்குப் போகிறது. விரால் மீன் ஆய்வதற்கு வழுக்காமல் இருக்கும் என்று அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன், கோழி நாற்றம் அடிக்குது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏற்றும்போது மூன்று அடுக்கையும் தனித்தனியாகக் கழற்றிவிடுவேன். வலையை நியூஸ் பேப்பரில் சுற்றி, கரிக் கிண்ணத்தை மீன் வாங்கும் பிளாஸ்டிக் கிரேட்டில் உட்கார வைத்து, சுற்றிப் பழைய கோணியைத் திணித்தால் அசையாது. புதுக் கரியும் சும்மா இல்லை, சாக்கின் அடியில் சேரும் தூள் சீட்டெல்லாம் படியும், ஆகவே அந்தச் சாக்கை இன்னொரு சாக்குக்குள் போட்டுவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் பேனர். ஃப்ளெக்ஸ் மாதிரி வேறெதுவும் கிடையாது, ஒரு சொட்டு இறங்காது, ஓரத்தை நாலு பக்கமும் மடித்துவிட்டால் தொட்டிதான். என்னிடம் இருப்பது மச்சான் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அடித்தது. அதில் மச்சான் கூலிங் கிளாஸோடு நிற்கிறான், அந்த முகம் கீழ்ப்பக்கம் போகிற மாதிரி விரித்தால்தான் சாவியைத் தருகிறான்.