பெருசா ஒண்ணும் இல்லம்மா

‘ஒண்ணும் இல்லம்மா’ என்று சொன்னேனா, ‘பெருசா ஒண்ணும் இல்லம்மா’ என்று சொன்னேனா? அந்தப் பையனின் அம்மாவைக் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வார். நாலு மாதம் கழித்து அவனைத் திரும்பக் கூட்டிவந்தபோது, காதுக்குக் கீழே கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. “நீங்கதான சிஸ்டர் ஒண்ணும் இல்லன்னீங்க?” குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, டிபி கிருமி உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ ஊசியை அவனுக்குப் போட்டது நான்தான். 0.1 மில்லி, முன்கையில், தோலுக்குள்ளேயே. கொப்புளம் சரியாக எழும்பியது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். வியாழன் காலை காசிமேட்டு மீன் ஏலம் முடிந்த கையோடு வந்துவிட்டார்கள். எங்களிடம் பாதிப் பேர் நாலாம் நாள், அஞ்சாம் நாள்தான் கையை நீட்டுவார்கள். இந்தம்மா நேரத்துக்கு வந்தார். மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு, பூனை வந்துவிடப் போகிறதே என்று ஒரு கண்ணை அங்கேயே வைத்திருந்தார்.

பையன் கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம். வீட்டுக்காரருக்குச் சளியில் டிபி கிருமி தெரிந்து, மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சிவப்பு கணக்கில் வராது, தடிப்பைத்தான் அளக்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டே போனால், தடிப்பின் விளிம்பில் முட்டி நிற்கும். அந்தப் பக்கமிருந்தும் அப்படியே ஒரு கோடு. பையன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். கை குச்சி மாதிரி இருந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஸ்கேலை வைத்தேன். 4 மி.மீ.

“இவ்ளோ செவந்திருக்கே சிஸ்டர்?” என்று கேட்டார். அதற்குத்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். என் பதில் சிவப்புக்கு. அவர் கேட்டுக்கொண்டது பிள்ளைக்கு. ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள் என்றும் சொன்னேன், அது நன்றாக நினைவிருக்கிறது. (எனக்குச் சாதகமானது மட்டும் எப்படித்தான் இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறதோ!) அவர் நிற்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

10 மி.மீ.க்குக் கீழே என்றால் பொதுவாக நெகட்டிவ். எச்ஐவி உள்ளவர்களுக்கும், ரொம்பவே மெலிந்துபோன பிள்ளைகளுக்கும் 5 போதும் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் 4 நெகட்டிவ்தான். ஆனால் அந்த 4-ஐ இன்னொருத்தி அளந்திருந்தால் 5 என்று எழுதியிருப்பாளோ? ஒரே கையை இரண்டு பேர் அளந்தால் ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் வருவது எங்களுக்குப் புதிதல்ல. அது போகட்டும். கிருமி உள்ளே போன பிறகு தோல் காட்டிக்கொடுக்கவே 2 முதல் 8 வாரம் ஆகும். போஷாக்கு இல்லாத உடம்பு என்றால், கிருமி இருந்தும் தோல் சும்மா இருந்துவிடும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும்.

இன்னொன்றும் தெரியும், அதுதான் அதிகமாக உறுத்துகிறது. வீட்டில் ஒருவருக்கு டிபி என்றால், 5 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, இந்த ஊசியே இல்லாமல் தடுப்பு மாத்திரை கொடுத்துவிடலாம். இவனுக்கு 5 வயது 7 மாதம். அதற்கு மேல் என்றால், டெஸ்ட் வசதி இருக்கும் இடத்தில் போட்டுப் பார்; வசதி இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதே என்பதுதான் வழிகாட்டுதல். அப்படியென்றால், ஊசியே இல்லாத இடத்துக்கு அவன் போயிருந்தால் மாத்திரை கிடைத்திருக்கும். எங்களிடம் ஊசி இருந்தது, நான் ஒழுங்காகப் போட்டேன், ஒழுங்காக அளந்தேன்.

இங்கிருந்து அதிக தூரமில்லாத செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய பிசிஜி (டிபி தடுப்பூசி) ஆய்வில், லட்சக்கணக்கான கைகளில் இப்படித்தான் தடிப்பை அளந்தார்கள். லட்சம் கைகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். வாசலில் மீன் கூடையோடு நிற்கும் ஒரு அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது?

கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் டிபி உறுதியானது. ஆறு மாத மருந்து, ஆரம்பித்துவிட்டார்கள். எடை ஏறுகிறது. நான் அன்றைக்கு நிதானமாகச் சொல்லியிருந்தாலும் டாக்டர் மாத்திரை எழுதியிருப்பாரா? 4 மி.மீ.யைப் பார்த்து எழுதியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். சில நாள் அப்படி நினைப்பதில் ஒரு வசதி இருக்கிறது.

இப்போதெல்லாம் விளக்கமாகச் சொல்கிறேன். போன வாரம் வியாசர்பாடியிலிருந்து டயாலிசிஸில் இருக்கும் ஒரு பெரியவர் வந்தார். தடிப்பு பூஜ்யம். அவர் கையைப் பிடித்தபடியே சொன்னேன்: “ஐயா, இது நெகட்டிவ். ஆனா உள்ள கிருமி இல்லவே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. உங்க மாதிரி உடம்புல தோல் சில நேரம் காட்டாது. இருமல், ராத்திரி காய்ச்சல் எது வந்தாலும் உடனே வரணும்.” முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்துத் திரும்பினார்.

“அப்போ இத எதுக்குமா போட்டாங்க?”