கொடிக்கயிறு ஏன் நேராக நிற்பதில்லை?

பதினொன்றாம் வகுப்பில் வெக்டர் (அளவோடு திசையும் உள்ளவை, விசையைப் போல) பாடம் தொடங்கியதும் பிள்ளைகள் சைன், கொசைன் என்று மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுப்பதில்லை. நியூட்டன் 1687-இல் இயக்க விதிகளைச் சொன்ன கையோடு, முதல் கிளைத்தேற்றமாக வைத்தது விசைகளின் இணைகர விதியைத்தான்: இரண்டு விசைகளை ஓர் இணைகரத்தின் அடுத்தடுத்த பக்கங்களாக வரைந்தால், அவை சேர்ந்து தரும் விசை அதன் மூலைவிட்டம். அதைக் கண்ணால் பார்க்காமல் எப்படிக் கடந்துபோவது? சூத்திரத்தை எழுதும் முன்பே ஆய்வகத்துக்கு அழைத்துப் போய்விடுகிறேன்.

செங்குத்துப் பலகையின் மேல் மூலைகளில் இரண்டு கப்பிகள். மூன்று நூல்களை ஒரே முடிச்சில் சேர்த்து, இரண்டைக் கப்பிகளின் மேல் போட்டு, மூன்றாவதை நடுவில் தொங்கவிடுகிறோம். இடப்பக்கம் 150 கிராம், வலப்பக்கம் 200 கிராம், நடுவில் 250 கிராம். முடிச்சு ஆடி அடங்கி ஓரிடத்தில் நிற்கும். விரலால் சற்றே கீழே இழுத்துவிட்டால் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கப்பி இறுகியிருக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். நூலுக்குப் பின்னால் கண்ணாடித் துண்டைப் பிடித்து, நூல் தன் பிம்பத்தை மறைக்கும் இடத்தில் தாளில் புள்ளி வைக்கிறோம். கோடு வரைந்து அளந்தால், மேல் நூல்களுக்கு இடையே 90 பாகை! 150-ம் 200-ம் சேர்ந்து 250-ஐத்தான் தாங்குகின்றன.

அடுத்து இரு பக்கமும் 100 கிராம். நடுவிலும் 100 என்றால் மூன்று கோணங்களும் 120 பாகை. நடுவில் எடையைக் கூட்டக் கூட்ட முடிச்சு இறங்குகிறது. 200 போட்டதும் எங்கும் நிற்காமல் கீழே வந்துவிடுகிறது. "ரெண்டும் சேர்ந்தால் 200 தாங்க வேண்டுமே, மிஸ்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நூல்கள் சாய்ந்திருக்கும்வரை அவற்றின் இழுப்பில் ஒரு பங்கு பக்கவாட்டில் ஒன்றையொன்று எதிர்ப்பதிலேயே போய்விடுகிறது. மிச்சம்தான் எடையைத் தூக்குகிறது.

மொட்டைமாடிக் கொடியிலும் இதே கணக்குதான். நடுவில் ஈரப் போர்வை, 2 கிலோ, ஏறக்குறைய 20 நியூட்டன். கயிறு இருபுறமும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை தாழ்ந்திருந்தால் இழுவிசை 20 நியூட்டன். 5 பாகை என்றால் சுமார் 115. ஒரு பாகை என்றால் 570-ஐத் தாண்டிவிடும். தொய்வே கூடாது என்று இறுக்கிக் கட்டுகிறவர்கள் கொக்கியைப் பிடுங்க வழி செய்கிறார்கள். மின்கம்பிகளைத் தொய்வாக விடுவதற்கும் இது ஒரு காரணம்.

அன்றைய வீட்டுப்பாடம்: கொடியின் நடுவில் ஈரத்துண்டைப் போட்டு, கயிறு எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து வர வேண்டும். கோணத்தைக் கணக்கிடத் தாழ்வும் கொடியின் பாதி நீளமும் போதும், கோணமானி தேவையில்லை.