ஒரே கட்டடத்துக்குள் இரண்டு அரசாங்கம்

இலங்கையில் வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுக்கிற அஸ்வெசுமத் திட்டத்தின் பெயர்ப்பட்டியல் 2023 நடுப்பகுதியில் வெளிவந்தபோது எங்கள் சின்னம்மாவின் பெயர் அதில் இல்லை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியை அண்டிய மீள்குடியேற்றக் கிராமம் எங்களுடையது. 2009இல் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் சின்னம்மா. கணவரும் இல்லை, சாதாரண தரம் படிக்கிற மகள் ஒருத்தி. இவருக்கே இல்லையென்றால் வேறு யாருக்கு என்று ஊரே கேட்டது. ஊர் கேட்டு என்ன, படிவம் அல்லவா சொல்லவேண்டும்.

அவருடைய கடிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான்தான். அலையத் தொடங்கிய பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பிரதேச செயலகம் வெளியிலிருந்து பார்க்க ஒரே அலுவலகம். உள்ளே அப்படி இல்லை. அஸ்வெசும மத்திய அரசுடையது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் நலன்புரி நன்மைகள் சபை நடத்துவது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவும் மத்தியிலிருந்துதான் வருகிறது. ஆனால் சனம் பிச்சைச் சம்பளம் என்கிற பொதுசன உதவிப்பணம் வடமாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் காசு. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவையும் மாகாணத்துக்குரியது. 1987இன் 13ஆவது திருத்தம் சமூக சேவையை மாகாணத்துக்குக் கொடுத்ததால் வந்த பிரிவு இது. இரண்டு தரப்பு உத்தியோகத்தர்களும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பார்கள். கோவை வேறு, காசு வரும் வழி வேறு, 'ஓம்' சொல்லவேண்டிய ஆளும் வேறு.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் எங்கள் விதானையார், அதாவது கிராம அலுவலர். "தம்பி, எல்லாத்தையும் ஒரே கடிதத்தில போட்டு எழுதாதேங்கோ. ஆரிட்டக் கேக்கிறமோ அவைக்கு மட்டும் எழுதுங்கோ" என்றார். அந்த ஒரு சொல்லால் எவ்வளவு அலைச்சல் மிச்சம்!

முதலில் அஸ்வெசும மேன்முறையீடு. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்ற ஆறு அளவுகோல்களின்கீழ் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். அந்தப் புள்ளியைப் பொறுத்து நிலைமாறும், பாதிக்கப்படக்கூடிய, வறிய, மிக வறிய என்ற நான்கு வகுப்புகள். தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. அளவுகோல் கொழும்புக்குச் சரியாக இருக்கலாம். வன்னியில் உதைக்கிறது. சின்னம்மா இருப்பது இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா மானியத்தில் கட்டிய வீடு. கல்வீடு, சீமெந்து நிலம். தாளில் பார்த்தால் வசதியான ஆள். உள்ளே பூச்சு முடியாத சுவரும், கட்டுவதற்கு வாங்கிய கடனும் தாளில் வராது. நாங்கள் தறப்பாளுக்குள் இருந்த காலத்தில் இந்தக் கணக்கெடுப்பு நடந்திருந்தால் ஊர் முழுக்க மிக வறியதாகியிருக்கும்!

சரி, வீட்டை மாற்ற முடியாது. படிவத்தில் என்ன பதிந்திருக்கிறது என்றாவது தெரியவேண்டும். வாயால் கேட்டபோது "சிஸ்டம் எடுத்த முடிவு" என்றார்கள். அப்புறம் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்கவேண்டும். கடிதம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

பதில் வந்தது. சின்னம்மாவுக்கு மோட்டார் சைக்கிள் இருப்பதாகப் பதிந்திருந்தார்கள். அது என்னுடையது! முற்றத்து மாமரத்துக்குக் கீழே அது நின்றதைக் கண்டு, கணக்கெடுக்க வந்த பிள்ளை எழுதியிருக்கவேண்டும். என் பெயரிலுள்ள வாகனப் புத்தகத்தின் போட்டோக் கொப்பி, காலுக்குரிய வைத்தியச் சான்றிதழ், விதானையாரின் வதிவிடக் கடிதம் எல்லாவற்றையும் வைத்து விளக்கம் கொடுத்தோம். திரும்ப வந்து வீட்டைப் பார்த்தார்கள். பெயர் 'வறிய' வகுப்பில் ஏறியது. வங்கிக் கணக்கு திறந்து 8,500 ரூபா வரத் தொடங்கியது. 2025 சனவரியிலிருந்து 10,000.

மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுதான் இன்னும் இழுபடுகிறது. தகுதி இருந்தால் மட்டும் போதாது, ஒதுக்கீடு இருக்கும் அளவுக்குத்தான் ஆள் சேர்ப்பார்கள், மிச்சப்பேர் காத்திருப்புப் பட்டியலில். மேசையில் இருக்கிற சமூக சேவை உத்தியோகத்தரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, "அம்மா, காசு வந்தால் நானே கூப்பிட்டுச் சொல்லுவன்" என்று சின்னம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் யாரிடம் கேட்பது? மாகாண விடயமென்றால் மாகாண சபை உறுப்பினர் சபையில் எழுப்பியிருக்கலாம். 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர்தான் எல்லாம். நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவர்கூட அந்தத் திணைக்களத்தின் வரவு செலவைக் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை. மத்திய விடயமென்றால் பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கே மணல், காணி, யானைவேலி பேசி முடியவே நேரம் சரியாகிவிடும். ஆனாலும் எழுத்தில் போகிற விடயத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எங்கள் மாதர் சங்கத் தலைவி சொன்னார். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கான காத்திருப்புப் பட்டியலில் எங்கள் பிரிவில் எத்தனை பேர், சின்னம்மா எத்தனையாவது என்று கேட்டு ஒரு கடிதம் தயார். அடுத்த கூட்டத்துக்கு முன்பு கொடுத்துவிடுவோம், பிரதியோடு.