வரி போட்ட அலுமினியப் பட்டை வளைந்து கொடுத்தது

நான்கு மூலைகளும் வளைந்துவிட்டன. ஒன்றில்கூட வெடிப்பு இல்லை. முகப்பில் இருக்கும் வரிகள் மூலை திரும்பும் இடத்திலும் இணை பிசகாமல் ஓடுகின்றன. கிதார் ஆம்ப்ளிஃபையருக்குச் சொந்தமாகப் பெட்டி செய்பவர்களுக்கு, இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று விளக்க வேண்டியதில்லை.

600 மி.மீ. அகலம், 250 மி.மீ. உயரம், 18 மி.மீ. பிளைவுட், மூலைகளில் 25 மி.மீ. ஆரம். இந்தப் பெட்டியின் முன் விளிம்பை ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போட்டதுபோல ஓர் உலோகப் பட்டை வர வேண்டும் என்பது என் ஆசை. பழைய வாக்ஸ், மார்ஷல் பெட்டிகளில் பொன்னிறமாக மின்னுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பைப்பிங்தான், அதாவது விளிம்பில் ஓடும் மெல்லிய அலங்காரக் கயிறு. அது எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தப் பெட்டிக்கு உலோகம்தான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

பட்டையைத் தேடுவதுதான் முதல் தலைவலி. இசைக்கருவி உதிரிபாகம் விற்பவர்களிடம் மூலைக்காப்பு கிடைக்கும், கைப்பிடி கிடைக்கும், கிரில் துணி கிடைக்கும். அலங்கார உலோகப் பட்டை மட்டும் அநேகமாகக் கிடைக்காது. வேறு தொழில்களின் பக்கம்தான் போக வேண்டும். டைல்ஸ் விளிம்புக்குப் போடும் பட்டை அலுமினியம், பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூன்றிலும் வருகிறது. அழகில் குறையில்லை. ஆனால் சிமெண்ட் பிடிப்பதற்காக அதன் உட்பட்டையில் துளைகள் போட்டிருப்பார்கள். அதைப் பெட்டியின் மேல் ஒட்டும் ரெக்சினுக்கு அடியில் மறைத்தால் துளைகளின் தடம் மேலே அப்படியே தெரியும். வாகனங்களுக்கான குரோம் பீடிங் பெரும்பாலும் முலாம் பூசிய பிளாஸ்டிக். அதைத் தொடவே வேண்டாம். மாடிப்படி விளிம்புப் பட்டை முரடு. பயணப் பெட்டிகளுக்கான அலுமினியச் சேனல் பலகையின் கனத்துக்குப் பொருந்தும். ஆனால் போட்டு முடித்ததும் ஆம்ப் பெட்டி சாமான் பெட்டியாகத்தான் தோன்றும்.

கடைசியில் பொருந்தியது சாப்பாட்டு மேசை விளிம்புக்கான பட்டை. 1950-களின் அமெரிக்கச் சமையலறை மேசைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்; பக்கவாட்டில் வரிவரியாக உலோகம் பளபளக்குமே, அதுவேதான். வெட்டுமுகம் ஆங்கில 'T' எழுத்தைப் போல இருக்கும். முகப்பு 20 மி.மீ., அதன் நடுவில் பின்பக்கமாக 8 மி.மீ. நீளத்தில் ஒரு கால். காலின் இருபுறமும் சின்னச் சின்னப் பற்கள். பலகையில் வெட்டிய காடியில், அதாவது ஒடுங்கிய நீள்பள்ளத்தில், அடித்து இறக்கினால் அவை பிளைவுட்டைக் கவ்விக்கொள்ளும்.

விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் முகப்பின் அகலத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். காலின் கனம் தெரியாமல் காடி வெட்ட எந்த அளவு பிட்டை (வெட்டும் அலகை) எடுப்பது? வெட்டுமுக வரைபடத்தைக் கேளுங்கள். இல்லை என்றால் விரல் நீளத் துண்டு ஒன்றை மாதிரியாக வாங்கி வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். இன்னொன்று, அனுப்பும் வசதிக்காகப் பட்டையை இரண்டாக வெட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். என் பெட்டியைச் சுற்றி வர 1,657 மி.மீ. வேண்டும். ஒரே துண்டாக இருந்தால் ஓர் இணைப்பு, அதுவும் அடிப்பக்கத்தில் ஒளிந்துகொள்ளும். ஆகவே வாங்கும்போதே "வெட்டக் கூடாது" என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். சுருட்டி அனுப்பினாலும் ஏற்காதீர்கள். சுருளின் வளைவை நேராக்குவது தனி வேதனை.

பட்டையைப் பெட்டியின் முன்முகத்தில் பதிக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேசைப் பட்டை மேசையைச் சுற்றி வளைவதற்காகச் செய்யப்பட்டது. முன்முகத்தில் படுக்கவைத்தால் அது அகலவாக்கில் வளைய வேண்டியிருக்கும், 20 மி.மீ. அகலத்தை அப்படி வளைத்தால் உள்விளிம்பு நெளிந்து மடங்கிவிடும். அங்கே 45 பாகையில் அறுத்துச் சேர்ப்பதுதான் வழி. வெளிப்புறமாகச் சுற்றிக் கட்டினால்தான் கனவாக்கில் வளையும். நான் அதனால்தான் வெளிப்புறக் காடிக்குப் போனேன்.

காடியின் அகலம் 3.2 மி.மீ. காலின் கனம் 1.6, இருபுறமும் உள்ளே மடித்துச் சொருகும் ரெக்சின் தலா 0.8. ரெக்சினைக் காடிக்கு மேலாக ஒட்டி, நடுவில் கீறி, இரண்டு ஓரங்களையும் உள்ளே அழுத்திவிட்டுப் பட்டையை அடித்தால் ரெக்சினும் பட்டையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன.

இனி மூலை. என் நேரத்தை எல்லாம் விழுங்கியது இதுதான். 25 மி.மீ. ஆரத்தில் கால்வட்டம் திரும்பும்போது முகப்பு ஓடும் தூரம் 39 மி.மீ. சொச்சம். 8 மி.மீ. உள்ளே இருக்கும் காலின் நுனிக்கு 27 மி.மீ. கூட இடமில்லை. மீதி 12.6 மி.மீ. உலோகம் எங்கே போகும்? ஆரத்தை மாற்றினாலும் இந்த 12.6 மாறாது, அதைத் தீர்மானிப்பது காலின் நீளம் மட்டுமே. எங்கும் போக வழியில்லாமல் கால் பாம்பாக நெளிந்து, காடிக்குள் இறங்க மறுக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம், காலில் முக்கோண வெட்டுகள் போடுவது. வாய் 2.5 மி.மீ. வீதம் ஐந்து வெட்டுகள் போட்டால் கணக்கு சரியாக வருகிறது. வளைத்தேன், வளைந்தது. ஆனால் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் முகப்பில் பட்டை தீட்டியதுபோலத் தனித்தனித் தட்டைகள் தெரிந்தன. வெட்டு விழுந்த இடம் மெலிவு, வெட்டுகளுக்கு இடையே கால் நிற்கும் இடம் விறைப்பு. உலோகம் மெலிந்த இடத்தில் மட்டுமே மடங்குகிறது. வெட்டுகளைக் கூட்டினால் தட்டைகள் சிறுக்கின்றன, மறைவதில்லை.

தீர்வு: வளைவு வரும் நீளம் முழுக்கவும், அதற்கு இருபுறமும் 5 மி.மீ. கூடுதலாகவும், காலையே எடுத்துவிட வேண்டும். ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை அரத்தால் முகப்பின் பின்பக்கத்தோடு மட்டமாக ராவினேன். கால் மீண்டும் தொடங்கும் இடத்தைச் செங்குத்தாக விடாமல் சரிவாகத் தேய்த்தேன். அப்போதுதான் விறைப்பு படிப்படியாக ஏறி, முகப்பில் முடிச்சு விழாமல் இருக்கும். காடி எப்படியும் முகப்புக்கு அடியில் மறைந்துவிடுவதால் கால் இல்லாதது வெளியே தெரியாது.

பிறகு சூடு. கடினப்படுத்தப்பட்ட அலுமினியத்தை அப்படியே இந்த ஆரத்துக்கு வளைத்தால் வரியின் உச்சியில் விரிசல் கோடு விழும். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். அதற்கு முன் சிவந்து காட்டாது. எனவே துணி சோப்பால் ஒரு கோடு இழுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து டார்ச்சை அசைத்துக்கொண்டே காட்டினேன். சோப்புக் கோடு கரும்பழுப்பானதும் தீயை விலக்க வேண்டும். ஆறிய பிறகு அந்த இடம் ஈயம்போல இளகிக் கொடுக்கிறது. 24 மி.மீ. ஆரமுள்ள மர அச்சில் வைத்து, தோல் ஒட்டிய கட்டையால் அழுத்திக்கொண்டே, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினேன். இரும்புச் சுத்தியலை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஆனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் ஆக்சைடு பூச்சு ஏற்றிய பட்டைக்கு இந்த முறை ஆகாது. அந்தப் பூச்சு கடினமானது, வளைத்தால் நுண்ணிய வெடிப்புகளாக உடையும். பூச்சில்லாத பட்டையை வாங்கி, வளைத்த பிறகு மெருகேற்றுவதே சரி. ஒரு மூலையை வளைத்துப் பொருத்திய பிறகே அடுத்த மூலைக்குக் குறிபோட வேண்டும். நான்கையும் முன்கூட்டிக் குறித்தால் அரை மி.மீ. பிழைகள் சேர்ந்து கடைசி மூலையில் வந்து நிற்கும்.

சூடுகாட்டிய இடம் மறுபடி பழைய கடினத்துக்குத் திரும்பாது. பெட்டி அதிகம் இடிபடுவதும் மூலையில்தான். முகப்பு 1.5 மி.மீ. கனம் என்பதால் தாங்கும் என்று நம்புகிறேன். 1 மி.மீ. பட்டை என்றால் நான் துணியமாட்டேன்.

இன்னும் பட்டையை நிரந்தரமாக இறக்கவில்லை. அதிர்வுச் சோதனை பாக்கி. ஸ்பீக்கருக்கு மேல் உட்காரும் பெட்டியில் தளர்வாக இருக்கும் எந்த உலோகமும் ஏதாவது ஒரு சுரத்தில் ரீங்கரிக்கும். 40 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியைக் கொடுத்து, பட்டையின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனால் எந்த இடம் பேசுகிறது என்று பிடிபட்டுவிடும். கால் இல்லாத நான்கு மூலைகள்மீதுதான் என் சந்தேகம். அங்கே காடிக்குள் சிலிக்கோன் பசை வைக்கப்போகிறேன். புளித்த வாடை வீசும் வகை வேண்டாம். அதிலிருந்து வெளியேறும் அசிட்டிக் அமிலம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும், பெட்டிக்குள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கும் நல்லதல்ல. நியூட்ரல் வகைதான்.

இதற்குள் மனம் மாடுலர் சிந்தசைசர் (தனித்தனிப் பலகைகளைச் சேர்த்து அமைக்கும் மின்னணு இசைக்கருவி) பெட்டிக்குத் தாவிவிட்டது. அதற்கான யூரோராக் என்ற அளவுமுறையில் பலகைகளின் உயரம் 128.5 மி.மீ.; இரண்டு வரிசைக்கு ஒரு தேக்குப் பெட்டி, விளிம்பில் பித்தளை. பித்தளை சூட்டில் மங்கலாகச் சிவந்து காட்டும், ஆகவே சோப்பு தேவையில்லை. டைல்ஸ் பட்டையின் துளைகளை மறைக்க ரெக்சினும் வேண்டாம், தேக்கிலேயே ஒரு மெல்லிய காடி வெட்டி உட்பட்டையைச் சொருகிவிடலாம். மாதிரித் துண்டு கேட்டு எழுதியிருக்கிறேன், வெட்டுமுக வரைபடத்தோடு.